கதவில்லாத மெஷின்

அத்தியாயம் மூன்று

தசரதன் தன் பட்டறையைச் சுற்றிக் காட்டக் கிளம்பியபோது வெள்ளை வேட்டியும் ரப்பர் செருப்பும் போட்டிருந்தார். அவர் தலைக்கு மேலே சுவரில், பாதுகாப்பு ஷூ இல்லாமல் யாரும் உள்ளே வரக்கூடாது என்று சிவப்பு எழுத்தில் ஒரு போர்டு தொங்கியது. ஷைலா போர்டைப் பார்த்தாள். பிறகு அவர் கால் விரல்களைப் பார்த்தாள். ஒருவரை இளக்காரமாக நினைக்க அவளுக்குப் பெரிய காரணம் எப்போதும் தேவைப்பட்டதில்லை. ஆனால் காரணமே இப்படி வாசலுக்கு வந்து கும்பிட்டு வரவேற்பது அபூர்வம்.

பின்னால் வந்த ஏகாம்பரமும் அந்தச் செருப்பை உற்றுப் பார்த்தான். "அண்ணாத்தே, நாங்க எங்க உடணும் செருப்பை?" என்று மிகுந்த பணிவோடு கேட்டான். பரவாயில்லை, போட்டுக்கொண்டே வரலாம் என்று தசரதன் பெருந்தன்மையோடு அனுமதி கொடுத்தார்.

ஷைலா அருள்தாஸ் ஒரு காலத்தில் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகத் தொழிற்சாலை விபத்துகளை விசாரித்தவள். முதலாளிகள் சொல்லும் கதைகளைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போய் அந்த வேலையை விட்டாள். இப்போது மேனாம்பேட்டில் ஒரு தையல் கடையின் மாடியில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் வைத்திருந்தாள். ஏகாம்பரம் அவளுடைய உதவியாளன். அந்த ஊர் பழைய விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. தாத்தா நெல் போட்ட நிலத்தில் இப்போது எவனோ நட்டு போல்ட் அறுவடை செய்கிறான் என்பான். ஆட்டோ ஓட்டுவதும் பேசுவதும் அவன் தொழில்கள். இரண்டில் எது பிரதானம் என்று அவனுக்கே நிச்சயமில்லை.

அன்று காலை இருவரும் வேப்பம்பட்டுக்குப் போய் செலினை அவள் வீட்டில் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். செலினின் கணவன் இவான் இந்தப் பட்டறையில், கம்ப்யூட்டர் கட்டளைப்படி இரும்பைக் கடையும் சிஎன்சி மெஷினின் ஆபரேட்டர். போன வாரம் வேலை செய்துகொண்டிருந்தபோது ஒரு இரும்புத் துண்டு பறந்து வந்து அவன் முகத்தில் அடித்தது. இடது கண் போய்விட்டது. தாடை உடைந்து கம்பி வைத்துக் கட்டியிருப்பதால் பேச முடியாது. அடிபட்ட கணத்தைப் பற்றி எழுதிக் காட்டச் சொன்னால், நினைவில்லை என்று தலையை மட்டும் ஆட்டுகிறான்.

அவனுக்குப் பதிலாக தசரதன் பேசிக்கொண்டிருந்தார். பட்டறையில் இரண்டு மெஷின்கள். ஒன்று புதியது, கதவு வைத்து முழுக்க மூடியது. அதில் கதவு திறந்திருந்தால் மெஷின் ஓடாது. இவான் ஏதோ தகிடுதத்தம் செய்து, மெஷின் ஓடும்போதே கதவைத் திறந்து கையை விட்டான், டூல் உடைந்து பறந்தது, எல்லாம் அவன் கொழுப்பு என்று தசரதன் போலீஸில் சொல்லியிருந்தார். கம்பெனி மெஷினைக் கெடுத்ததாக இவான் மேலேயே புகாரும் கொடுத்திருந்தார். வைத்தியச் செலவு அவன் பாடு.

அதைக்கூட செலின் தாங்கிக்கொண்டிருப்பாள். அந்தக் கதைக்குச் சாட்சி சொல்லியிருந்தவன் அவள் கூடப் பிறந்த தம்பி ஜாபஸ். அவனும் அதே பட்டறையில்தான் வேலை செய்தான்.

"தம்பியே சொல்லிட்டான்னு ஊரே நம்புது மேடம். இப்பிடியே போனா நானும் நம்பிடுவேனோன்னு பயமா இருக்கு," என்றாள் செலின். அழவில்லை. ஆஸ்பத்திரியில் கழற்றிக் கொடுத்த இவானின் சட்டையை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தாள். துவைக்க மனசு வரவில்லையாம். ஷைலா அதை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகர்ந்தும் பார்த்தாள். பையை இறுக்கிக் கட்டித் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள். திரும்பி வரும் வழியில் தொழிற்சாலைகளைச் சோதிக்கும் அரசு ஆய்வாளர் வனஜாவுக்கு ஒரு போன் செய்தாள். அதற்கு மேல் ஏகாம்பரத்திடம்கூட ஒன்றும் சொல்லவில்லை.

இவானின் மனைவி தரப்பில் வந்திருக்கிறோம் என்று அவள் சொன்னதும் தசரதன் கதவை மூடிவிடுவார் என்று ஏகாம்பரம் எதிர்பார்த்தான். மனிதர் சந்தோஷமாக உள்ளே அழைத்தார். ஒளிக்க ஒன்றுமில்லை என்று காட்ட ஆசைப்படுகிறவர்களை ஷைலாவுக்கு ரொம்பப் பிடிக்கும். அவர்கள் எல்லாவற்றையும் காட்டிவிடுவார்கள்.

அந்தப் புது மெஷின் பட்டறையின் முகப்பிலேயே நின்றது. வெள்ளை பெயின்ட் அடித்து, பெரிய இரும்பு பீரோ மாதிரி எல்லாப் பக்கமும் மூடியிருந்தது. முன்னால் பக்கவாட்டில் இழுக்கும் கதவு. கதவில் ஒரு கண்ணாடி. தசரதன் அதைத் தடவிக்கொண்டே, மலேசியாவில் கண்காட்சிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து வாங்கியது என்றார். பெரிய கம்பெனிக்காரர்கள் யார் வந்தாலும், எந்த அதிகாரி வந்தாலும், இதைப் பார்த்துவிட்டுத் தலையாட்டிவிட்டுப் போவார்கள் என்றார். அவர் பேச்சில் அந்த மெஷின் ஏதோ வீட்டு மாப்பிள்ளை மாதிரி இருந்தது.

"இதுல கூலண்ட் இல்லாம ஓட்டுவீங்களா சார்?" என்று ஷைலா அப்பாவியாகக் கேட்டாள். இரும்பை வெட்டும்போது சூடு ஏறாமலிருக்க மேலே பாய்ச்சும், பால் போன்ற எண்ணெய்த் தண்ணீர்தான் கூலண்ட்.

தசரதன் காதைப் பொத்திக்கொள்ளாத குறை. "இன்னாம்மா நீங்க. இதும் வெல இன்னா, கூலண்ட் இல்லாம ஓட்டுவாங்களா? ஒரு நிமிசம் ஓட்டமாட்டேன்." அன்றைக்கும் கூலண்ட் தொட்டி நிரம்பியிருந்ததா என்று கேட்டாள். நிரம்பியிருந்தது, தானே பார்த்ததாகச் சொன்னார். அவர் சொன்னதை அவள் மரியாதையாகத் தலையசைத்து வாங்கிக்கொண்டாள்.

அடுத்து அவர் தன் துருப்புச் சீட்டை எடுத்தார். கதவு மூடியிருக்கிறதா என்று பார்க்கும் ஸ்விட்ச் காந்தத்தால் வேலை செய்வது. அதன் மேல் வேறொரு காந்தத்தை ஒட்டிவிட்டால், கதவு திறந்திருந்தாலும் மூடியிருப்பதாக மெஷின் ஏமாந்துபோகும். இவான் ஒட்டி வைத்திருந்த காந்தம் என்று மேஜை டிராயரிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டினார். மலேசியாவின் இரட்டைக் கோபுரம் பொம்மையாக நின்ற, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுகிற காந்தம் அது.

ஏகாம்பரம் அதைக் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தான். "இவான் ஊட்ல ஃபிரிட்ஜே கெடையாதுக்கா. காலையில நமக்குக் குடுத்தது பானைத் தண்ணி. அந்தாளு வேப்பம்பட்லருந்து மலேசியா எப்ப போனான்?" என்று ஷைலாவிடம் கேட்டான். அவன் கேட்டுக்கொண்டே தலையை அசைத்த திசையில், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், தசரதனின் அறையில் ஒரு ஃபிரிட்ஜ் நின்றது. அதன் கதவு முழுக்க மலேசியா.

தசரதன் கொஞ்சமும் அசரவில்லை. ஃபிரிட்ஜிலிருந்து இவான் திருடியிருப்பான் என்றார். சோறு போட்ட இடத்திலேயே கை வைக்கிறவர்களைப் பற்றிச் சிறிது நேரம் வருத்தப்பட்டுப் பேசினார்.

ஷைலா கேட்டுக்கொண்டே பட்டறையின் பின்பக்கம் நடந்தாள். இரண்டாவது மெஷின் அங்கே நீலத் தார்ப்பாய் போர்த்தி நின்றது. இதுதான் பழையது. கதவு கிடையாது, கூண்டு கிடையாது. சுழல்கிற இரும்புக்கும் எதிரில் நிற்கிற மனிதனுக்கும் நடுவில் காற்றுதான் உண்டு. அது பல மாதமாகக் கெட்டுக் கிடக்கிறது, இன்றைக்கு எடைக்குப் போகிறது என்றார் தசரதன். குத்தம்பாக்கம் பக்கத்து இரும்புக் கிடங்கிலிருந்து லாரி வந்து தெருவில் நிற்பதை அவளும் வரும்போது பார்த்திருந்தாள்.

அவர் தடுப்பதற்குள் தார்ப்பாயைத் தூக்கினாள். ஏகாம்பரம் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான். பல மாதமாகக் கெட்டுக் கிடந்த மெஷினில் துரு ஒரு பொட்டுகூட இல்லை. அவள் விரலை வைத்த இடமெல்லாம் புது ஆயில். முன்பக்கத்தில் இரண்டு திருகு ஓட்டைகள் இருந்தன. முகத்துக்கு முன்னால் தொங்கவிடும், கண்ணாடி போன்ற அக்ரிலிக் தடுப்பை மாட்டியிருந்த இடம். தடுப்பு இல்லை.

துரு ஏறாமலிருக்க ஆயில் போட்டால்தான் எடைக்காரன் மதிப்பான் என்றார் தசரதன். தடுப்பு எங்கே என்றதற்கு, எலி கடித்திருக்கும் என்றார். சொன்ன பிறகு அது தனக்கே நன்றாக இல்லை என்று தோன்றியிருக்க வேண்டும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, லாரிக்காரன் காத்திருக்கிறான், சீக்கிரம் முடித்துக்கொள்ளுங்கள் என்றார்.

ஷைலாவுக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. கோபத்துக்கு எதிராளியிடம் ஒரு தகுதி வேண்டும். இந்த மனிதர் ஒரு கண்ணைப் பிடுங்கி எறிந்துவிட்டு, ஃபிரிட்ஜ் பொம்மையைக் கொண்டு அதை மூடப் பார்க்கிறார். பொய்யைக்கூட ஒழுங்காகத் தயாரிக்கத் தெரியாதவர் இரும்பில் நுணுக்க வேலை செய்கிறேன் என்று போர்டு மாட்டியிருக்கிறார்.

அவள் ஏகாம்பரத்தின் காதருகே ஒரு வார்த்தை சொன்னாள். அவன் வெளியே போனான். சற்று நேரத்தில் தெருவிலிருந்து லாரியின் ஹாரன் விடாமல் கேட்டது. ஏகாம்பரத்தின் ஆட்டோ பட்டறை வாசலுக்குக் குறுக்கே நின்றுவிட்டதாகவும், முன் சக்கரத்தைக் கழற்றிப் போட்டு அவன் அதனடியில் படுத்திருப்பதாகவும் யாரோ வந்து சொன்னார்கள்.

"மெஷின் தூக்க வந்த லாரி உள்ள வராம நிக்குது. நீங்க இன்னா விளையாடறீங்களா?" என்றார் தசரதன்.

"ஆட்டோவுக்கு எப்ப பஞ்சர் ஆகும்னு யாருக்கு சார் தெரியும்? அதுக்குள்ள எனக்கு ஒரு உதவி. உங்க மாப்பிள்ளையை, அதான் அந்தப் புது மெஷினை, ஒரு தடவை ஓட்டிக் காட்டச் சொல்லுங்க. சாட்சி சொன்ன ஜாபஸே ஓட்டட்டும்."

ஜாபஸ் பின்கதவுப் பக்கமிருந்து வந்தான். ஒல்லியாக, அக்காவின் முகச்சாடையோடு இருந்தான். அந்தச் சாடையே ஷைலாவுக்கு அவன் மேல் அருவருப்பைக் கூட்டியது. காலையில் அந்தப் பெண் தம்பி பெயரைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டதை நினைத்துக்கொண்டாள். தசரதன் மாதிரி ஆட்களை அவளால் புரிந்துகொள்ள முடியும். பாம்பு பாம்பாகவே இருக்கிறது. சொந்த அக்காவின் தாலியை வைத்து வேலையைக் காப்பாற்றிக்கொள்கிறவனை எந்த இனத்தில் சேர்ப்பது?

போலீஸில் சொன்னதைத் திரும்பச் சொல்லச் சொன்னாள். அவன் தரையைப் பார்த்தபடி சொன்னான். கதவு மூடி மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. இவான் பக்கத்தில் நின்று நான் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நம்பர் டூல் வெட்டிக்கொண்டிருந்தது. அதில் இரும்புச் சுருள் சுற்றிக்கொண்டதைப் பார்த்தேன். அதைப் பிடுங்கத்தான் இவான் கதவைத் திறந்து கையை விட்டான். அதோடு டூல் உடைந்தது.

"நல்லாப் பாத்தியா? மூணாம் நம்பர்தானா?"

"பாத்தேன் மேடம்."

"சரி. ஓட்டு."

அவன் ஒரு இரும்பு உருளையை உள்ளே பொருத்தினான். கதவை இழுத்து மூடினான். பொத்தானை அழுத்தினான். மெஷின் உள்ளுக்குள் உறுமி, கூலண்ட் பாய ஆரம்பித்தது. சுழலும் இரும்பில் பட்டுச் சிதறிய வெள்ளைத் தண்ணீர் கண்ணாடியின் உள்பக்கத்தில் வந்து அறைந்தது. வழிவதற்குள் மறுபடி அறைந்தது. கொஞ்ச நேரத்தில் கண்ணாடி முழுக்கப் பால் ஊற்றிய மாதிரி ஆகிவிட்டது.

ஷைலா தசரதனின் முழங்கையைப் பிடித்து, ஜாபஸ் நின்றதாகச் சொன்ன இடத்தில் நிறுத்தினாள். "இப்ப எந்த நம்பர் டூல் ஓடுது சார்? சுருள் ஏதாவது சுத்தியிருக்கா?"

தசரதன் கண்ணாடியில் மூக்கு படும் அளவுக்குக் குனிந்தார். இடம் மாறிப் பார்த்தார். கையால் வெளிப்பக்கத்தைத் துடைத்தும் பார்த்தார். அதில் அவர் முகம்தான் தெரிந்தது.

"தெரியாதுதான்," என்றார் கடைசியில். நிமிர்ந்தபோது அவர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். அது வருவதற்கு நேரமே எடுக்கவில்லை. "அப்பன்னா இவன் பொய் சொல்லிகீறான். போலீஸ் கேட்டப்ப எனக்கு இன்னா தெரியும்? கண்ணால பாத்தேன்னான், நம்பினேன். இவனுக்கும் மாமனுக்கும் இன்னா பகையோ. இவனைக் கேளுங்க. என்னை ஏன் கேக்கறீங்க?"

ஜாபஸ் தலையைத் தூக்கி முதலாளியைப் பார்த்தான். ஷைலா இருவரையும் சேர்த்துப் பார்த்தாள். நிழலுக்கு ஒதுங்கினவன் மேலேயே மரத்தைச் சாய்த்துவிட்டார் மனிதர். இது ஜாபஸுக்கு வேண்டும்தான் என்று அவளுக்குப் பட்டது.

அவள் கைப்பையைத் திறந்து, பிளாஸ்டிக் பையைப் பிரித்து, சட்டையை மேஜை மேல் விரித்தாள்.

"சார், உங்க வாயாலயே சொன்னீங்க. அன்னிக்கு கூலண்ட் தொட்டி ரொம்பியிருந்துது. ஓடற மெஷின்ல கதவைத் தொறந்தா அவ்வளவு பாலும் எங்க வரும்? தொறந்தவன் மேலதான் வரும். தலையிலருந்து கால்வரைக்கும் குளிச்சிருப்பான். காஞ்சிருந்தாலும் வெள்ளையாப் படிஞ்சிருக்கும், வாடை போகாது. இதுல பாருங்க. ரத்தம் இருக்கு. வேர்வை இருக்கு. கூலண்ட் ஒரு சொட்டு இல்ல."

அவள் சட்டைப்பையைத் திருப்பினாள். உள்ளிருந்து சின்னச் சின்ன இரும்புச் சுருள்கள் மேஜையில் விழுந்தன. நீலமாகக் கருகியிருந்தன. சட்டையின் நெஞ்சுப் பகுதி முழுக்க ஊதுபத்தியால் சுட்ட மாதிரி ஓட்டைகள்.

கூலண்ட் இல்லாமல் இரும்பை வெட்டினால்தான் சுருள் இப்படி நீலமாகும், நெருப்பாய்த் தெறிக்கும் என்று அவள் விளக்கினாள். மூடிய மெஷினில் அது உள்ளேயே விழும். திறந்த மெஷினில் கூலண்டைப் பாய்ச்சினால் எதிரில் நிற்கிறவன் நனைந்துபோவான், பட்டறையே குளமாகும். அதனால் அங்கே கூலண்டே போடமாட்டார்கள். சுருள் வந்து நிற்கிறவன் சட்டைப்பையில்தான் விழும்.

"இந்தச் சட்டை உங்க மாப்பிள்ளைகிட்ட அன்னிக்கு நிக்கவே இல்ல சார். தார்ப்பாய் போத்திக்கிட்டு நிக்குதே, அதுகிட்ட நின்னுது."

தசரதன் வாயைத் திறந்தார். எலிக் கதை மாதிரி வேறு ஏதாவது கிடைக்கிறதா என்று தேடுவது முகத்தில் தெரிந்தது. அதற்குள் ஜாபஸ் கை நீட்டி மெஷினை நிறுத்தினான். பட்டறை அமைதியானது.

"நான் சொன்னது பொய்தான் மேடம்," என்றான். "ஆனா தெரிஞ்சேதான் அப்பிடிச் சொன்னேன்."

ஷைலா திரும்பினாள்.

அவன் திணறித் திணறிச் சொன்னான். இவான் பழைய மெஷினில்தான் வேலை செய்துகொண்டிருந்தான். கவ்விப் பிடித்திருந்த இரும்பு உருளை கழன்று பறந்து வந்து அடித்தது. தடுப்பு இருந்திருந்தால் அதில் பட்டு விழுந்திருக்கும். கையிலிருந்த ரத்தத்தைக் கழுவக்கூட விடாமல் முதலாளி தன்னை அறைக்குள் அழைத்தார். கதவைத் திறந்தான் என்று சாட்சி சொல், இல்லையென்றால் மெஷினை ஸ்டார்ட் செய்தவன் நீதான் என்று சொல்லி உன்னை உள்ளே வைப்பேன் என்றார்.

"இவான் மாமா கதவைத் தொறந்தாருன்னு மட்டும்தான் அவரு சொல்லச் சொன்னாரு. கண்ணாடி வழியா பாத்தேன், மூணாம் நம்பர் டூலுன்றதெல்லாம் நானா சேத்தது. அது ஓடறப்ப உள்ள ஒண்ணும் தெரியாதுன்னு தினம் ஓட்டற எனக்குத் தெரியாதா? யாராவது ஒருத்தர் வந்து, ஒரே ஒரு தடவை ஓட்டிப் பாத்தாப் போதும், புட்டுகினு பூடும்னு சேத்தேன். போலீஸ்காரரு அப்பிடியே எழுதிகினு பூட்டாரு. யாருமே வந்து ஓட்டிப் பாக்கல."

ஷைலா இதை எதிர்பார்க்கவில்லை. பொய்யைக் கண்டுபிடித்த திருப்தியோடு நின்றவளுக்கு, அந்தப் பொய்யே கண்டுபிடிக்கப்படுவதற்காக வைக்கப்பட்டது என்பது சுருக்கென்றது. முதன்முறையாக அவன் முகத்தைச் சரியாகப் பார்த்தாள். கண்கள் உள்ளே போயிருந்தன. பல நாளாகத் தூங்காத முகம்.

ஒரு கணம் அவளுக்கு அவன் மேல் மதிப்புகூட வந்தது. வந்த வேகத்திலேயே போனது.

"கெட்டிக்காரத்தனமான பொய்தான். ஒத்துக்கறேன்," என்றாள். "ஆனா நான் வராம இருந்திருந்தா? உங்க மாமாவுக்குக் கண்ணு போச்சு. நீ ஒரு விடுகதையைப் போட்டு வெச்சுட்டு, யாராவது வந்து அவிழ்ப்பாங்கன்னு ஓரமா உக்காந்திருந்தே. தைரியத்தை எல்லாம் அடுத்தவங்க பங்குல எழுதிட்டே."



பதில் சொன்னது தசரதன். சொந்த ஆளே கைவிட்டதும் அவருக்கு நிதானம் போய்விட்டது. சோற்றுக்கு இல்லாதவனை வேலைக்கு வைத்ததற்கு இதுதான் நன்றியா என்று ஜாபஸைப் பார்த்துக் கத்தினார். பிறகு ஷைலா பக்கம் திரும்பினார். "நீங்க மெத்தப் படிச்சவங்க. இந்தத் தெருவுல போய்ப் பாருங்க, எவன் கதவு மூடிகினு வேலை செய்யறான்? ஒவ்வொரு பீஸுக்கும் தொறந்து மூடறதுக்குள்ள இன்னொரு பீஸ் ஓடிடும். தடுப்பைத் தூக்கித் தூக்கி மாட்டினா ஆர்டர் எப்ப முடியும்? அதான் கழட்டிப் போடச் சொன்னேன். கொஞ்சம் தள்ளி நின்னிருந்தா அவனுக்கு ஒண்ணும் ஆயிருக்காது. ஒருத்தனுக்குப் பட்டுச்சுன்னு கம்பெனியை மூட முடியுமா?"

"முடியும்னுதான் நினைக்கிறேன்," என்று ஒரு பெண் குரல் கேட்டது.

வனஜா வாசலில் நின்றிருந்தார். பக்கத்தில் ஏகாம்பரம், முதுகெல்லாம் தெரு மண்ணோடு, கையில் ஸ்பானரோடு நின்றான். அவர்கள் எவ்வளவு நேரமாக நிற்கிறார்கள் என்று தசரதனுக்குத் தெரியாது. வனஜாவின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார். உடனே கைகூப்பி, உள்ளே வாங்க மேடம், முதலில் டீ சாப்பிடுங்கள் என்றார். அந்தக் கணத்தில் ஷைலாவுக்கு அவரைப் பற்றிக் கடைசியாக மிச்சமிருந்த ஆர்வமும் தீர்ந்துபோனது. மாட்டிக்கொண்ட பிறகாவது முதுகு நிமிர்கிற ஆட்கள் உண்டு. இவர் டீயை நம்புகிறார்.

வனஜா டீ குடிக்கவில்லை. தார்ப்பாயை முழுக்க எடுக்கச் சொன்னார். இரண்டு மெஷின்களுக்கும் சீல் வைத்தார். சட்டையையும் சுருள்களையும் தன் பொறுப்பில் வாங்கிக்கொண்டார். போலீஸுக்குச் சொல்லி, லாரியைக் காலியாகவே திருப்பி அனுப்பினார். ஜாபஸ், இம்முறை முதலாளி நிற்கும்போதே, நடந்ததை அவரிடம் முழுவதும் சொன்னான். பாதியில் நிறுத்தவில்லை.

மதியத்துக்கு மேல் ஏகாம்பரம் சக்கரத்தை மாட்டினான். ஷைலா ஜாபஸை ஆட்டோவில் ஏறச் சொன்னாள். எங்கே என்று அவன் கேட்டான். ஆஸ்பத்திரிக்கு, உங்க அக்காகிட்ட என்றாள். அவன் முகம் போலீஸைவிட அதற்கு அதிகம் பயந்தது. ஆனாலும் ஏறினான்.

டன்லப் சிக்னலில் வண்டி நின்றபோது ஜாபஸ் இறங்கிப் போய் ஒரு பெட்டிக்கடைக் குழாயில் முகம் கழுவினான். அந்த இடைவெளியில் ஏகாம்பரம் பின்னால் திரும்பினான்.

"யக்கா, அவன் சொன்னது நெசமா? வேணும்னே அப்பிடி சொன்னானா? இல்ல, மாட்டிகினப்புறம் ஜோடிச்சானா?"

"நெசம்தான்னு நினைக்கிறேன். தினமும் ஓட்டறவன் தப்பித் தவறிக்கூட அப்படி ஒரு பொய் சொல்லமாட்டான்."

"அப்பன்னா நல்லவன்தானே?"

"அவன் நல்லவனா இருந்தது யாருக்குத் தெரிஞ்சுது ஏகாம்பரம்? படுத்துக் கிடக்கிறவனுக்குத் தெரிஞ்சுதா?"

ஏகாம்பரம் சிக்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

ஆஸ்பத்திரி வார்டில் இவானின் கட்டில் கோடியில், ஜன்னலோரம் இருந்தது. பார்வையாளர் நேரம். ஒவ்வொரு கட்டிலைச் சுற்றியும் ஆட்கள் இருந்தார்கள். இவான் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். பாதி முகம் கட்டுக்குள் இருந்தது. செலின் ஒரு டம்ளரில் உறிஞ்சுகுழல் போட்டு அவனுக்குக் கஞ்சித் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

ஷைலா முன்னால் போய் நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னாள். உங்கள் வீட்டுக்காரர் மேல் ஒரு தப்பும் இல்லை, புகார் இனி நிற்காது, வைத்தியச் செலவிலிருந்து தசரதன் தப்ப முடியாது என்றாள். செலின் டம்ளரைக் கீழே வைத்தாள். புடவைத் தலைப்பால் இவானின் உதட்டோரத்தைத் துடைத்தாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள். வார்டின் வாசலில் ஜாபஸ் நின்றிருந்தான்.

அவன் ஒரு அடி உள்ளே வைத்தான்.

"நீ அங்கியே நில்லுடா," என்றாள் செலின். சத்தம் போடவில்லை. ஆனால் வார்டில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "அவருக்குக் கண்ணு ஒண்ணுதான் போச்சு. காது நல்லாக் கேக்கும். எல்லார் முன்னாடியும்தானே பொய் சொன்னே. அங்கருந்தே சொல்லு."

ஜாபஸ் ஷைலாவைப் பார்த்தான். அவள் உதவிக்கு வரவில்லை. அவன் சுற்றியிருந்த முகங்களைப் பார்த்தான். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான்.

"மாமா," என்று ஆரம்பித்தான். "நீங்க கதவைத் தொறக்கல. அந்த மெஷினுக்குக் கதவே கெடையாது."

அதற்கு மேல் எல்லாவற்றையும் சொன்னான். முதலாளியின் அறைக்குள் தன்னைக் கூப்பிட்டதை, மிரட்டியதை, தான் சரி என்றதை, பொய்க்குள் வேறொரு பொய்யை ஒளித்து வைத்ததை, யாராவது வருவார்கள் என்று காத்திருந்ததை. பக்கத்துக் கட்டில்காரர் காலை மடக்கிக்கொண்டு கேட்டார். சாப்பாட்டு கேரியரோடு நடந்து போய்க்கொண்டிருந்த ஒரு அம்மாள் நின்றுவிட்டாள்.

இவான் மிச்சமிருந்த ஒற்றைக் கண்ணால் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். கட்டிய தாடைக்குள் ஏதோ அசைந்தது. பிறகு மெதுவாக, வலிக்காமல் பார்த்துக்கொண்டு, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான்.

ஜாபஸ் அதைப் பார்த்தான். குரல் உடைந்தது. ஆனால் அக்கா நிறுத்தச் சொல்லவில்லை. அவன் முதலிலிருந்து மறுபடியும் சொல்ல ஆரம்பித்தான்.